பேக்கல் கோட்டைக்குக் கீழே போகும் பாதை

வட கேரளத்தில், காசர்கோடு பக்கம் கடலோரமாக இருக்கும் பேக்கல் கோட்டைக்கு நான் தனியாகப் போனது போன வருஷம் ஏப்ரலில். போக வேண்டும் என்று ஆசைப்பட்டது அதற்குக் கிட்டத்தட்ட முப்பது வருஷம் முன்னால். பள்ளியில் படிக்கும்போது ஒரு தமிழ்ப் படத்துப் பாட்டில் அந்தக் கோட்டையைப் பார்த்தேன். மழையும் கடலும் கறுத்த கல்சுவருமாக இருந்த அந்த இடம் எங்கே இருக்கிறது என்று அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்புறம் கல்யாணம், வேலை, மகளின் படிப்பு என்று தள்ளிக்கொண்டே போனது. மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகுதான் எனக்கென்று இரண்டு நாள் கிடைத்தது. கணவருக்கு அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் நேரம். “ஒரு ராத்திரிதானே, நீ போயிட்டு வா” என்றார். சந்தோஷமாகக் கிளம்பினேன். மறுநாள் காலை ஒன்றரை மணி நேரம், மூன்று பக்கமும் கடல் அடிக்க, உடைந்த காலோடு ஒரு பாறை மேல் உட்கார்ந்திருந்தேன். முப்பத்தேழாயிரம் ரூபாயும் ஆறு வாரமும் போயின. அந்த இடத்தைப் பற்றி முன்கூட்டியே எனக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது. கோட்டையைப் பற்றிப் படித்ததெல்லாம் எங்கே நின்றால் படம் நன்றாக வரும் என்பதாகவே இருந்தது.

முதல் நாள் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கோவையிலிருந்து காலையில் கிளம்பும் மங்களூரு இன்டர்சிட்டியில் ஏறினால் மதியத்துக்குள் காஞ்ஞங்காடு வந்துவிடலாம். அங்கிருந்து காசர்கோடு போகும் பஸ்ஸில் சந்திரகிரி வழி என்று கேட்டு ஏற வேண்டும். பன்னிரண்டு கிலோமீட்டர்தான். தேசிய நெடுஞ்சாலை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டால் கோட்டைப் பக்கமே போகாது, இதைக் கவனியுங்கள். கோட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன விடுதியில் அறை எடுத்துப் பையை வைத்துவிட்டு மூன்று மணிக்கு உள்ளே போனேன். ஏப்ரல் வெயிலில் மூன்று மணி சரியான நேரம் இல்லை. நாற்பது ஏக்கர் பரப்பு, உள்ளே நிழல் மிகக் குறைவு. செம்புரைக்கல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு நம் மேல் ஊதுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் அரை மணியில் தீர்ந்தது. வாசலுக்குத் திரும்பி நடந்து இன்னொன்று வாங்கி வர வேண்டியிருந்தது. இரண்டு பாட்டிலோடு போங்கள், தொப்பியும் வேண்டும்.

கோட்டை, கர்நாடகத்து இக்கேரி நாயக்கர்களில் சிவப்ப நாயக்கர் 1650 வாக்கில் கட்டியது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படுவது. பிறகு 1763-ல் ஹைதர் அலி கைக்கு வந்து, திப்பு 1799-ல் இறந்தபின் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களிடம் போனது. 1956-ல் மாநிலங்களைப் பிரிக்கும் வரை இந்தப் பகுதி மதராஸ் மாநிலத்தின் தென் கன்னட மாவட்டத்தில்தான் இருந்தது. வாசலில் ஓர் ஆஞ்சநேயர் கோயில் இருக்கிறது. உள்ளே வெடிமருந்துக் கிடங்கு, படிக்கட்டுகள் இறங்கும் குளம், சரிவுப் பாதையில் சுற்றி ஏறும் காவல் கோபுரம். என்னைப் பிடித்து நிறுத்தியவை சுவரில் இருக்கும் துளைகள். மேல் துளை தூரத்தில் வருபவனைக் குறிவைக்க, அதற்குக் கீழே உள்ளது நெருங்கி வருபவனுக்கு, அடியில் இருப்பது சுவரடிக்கே வந்துவிட்டவனுக்கு. ஒரு துளையில் கண்ணை வைத்துப் பார்த்தேன். கீழே கறுப்புப் பாறைகள், அவற்றுக்கு நடுவே ஒரு சின்ன மணல் திட்டு, அதற்குப் போகும் ஒற்றையடித் தடம் மாதிரி ஒன்று. யாரோ இரண்டு பேர் அதில் நடந்துகொண்டிருந்தார்கள். நாளைக் காலையில் அங்கே போக வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் ஆறே காலுக்கு விடுதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கினேன். பன்னிரண்டு மணி வாக்கில் காஞ்ஞங்காட்டில் திரும்பும் ரயில். பத்து மணிக்குள் அறைக்கு வந்தால் போதும், நிறைய நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. மணல் பாய் விரித்த மாதிரி கெட்டியாக, நடக்கச் சுகமாக இருந்தது. காற்றே இல்லை, வானத்தில் ஒரு மேகம் இல்லை. கோட்டை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் மணல் முடிந்து பாறை ஆரம்பிக்கிறது. நேற்று மேலிருந்து பார்த்த தடம் அங்கே தெளிவாகத் தெரிந்தது. கால் பட்டுப் பட்டு வழவழவென்று ஆன கல், நடுவில் எவரோ போட்டிருந்த இரண்டு பெரிய கற்கள். பாதை இருக்கிறதே, ஆள் நடமாட்டம் உள்ள இடம்தானே என்ற தைரியத்தில் போனேன். மூக்கு மாதிரி இருந்த ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டு அந்த மணல் திட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஏழரை மணி. கோட்டைச் சுவர் தலைக்கு மேலே நிமிர்ந்து நிற்க, நான் மட்டும். அந்த ஒரு மணி நேரம் என் வாழ்க்கையில் மிக நிம்மதியான ஒரு மணி நேரம் என்றே இப்போதும் சொல்வேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து, கொண்டுபோன பிஸ்கட்டைத் தின்றுகொண்டு கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

என் தப்பு எல்லாம் அந்த இடத்தில்தான். கடல் சொல்லிக்கொண்டே இருந்தது, எனக்குப் படிக்கத் தெரியவில்லை. நான் நடந்து வந்த பாறைகளில் இடுப்பு உயரம் வரைக்கும் சுண்ணாம்புப் பொட்டு வைத்த மாதிரி சின்னச் சின்ன ஓடுகள் ஒட்டியிருந்தன. கை வைத்தால் கீறும். கொட்டலசு என்பார்கள். அது ஒட்டியிருக்கிறது என்றால் அந்த உயரத்துக்குக் கடல் தவறாமல் வந்து போகிறது என்று அர்த்தம். அதற்குக் கீழே பச்சைப் பாசி, மேலே காய்ந்த கறுப்புக் கல். கோடு போட்டுக் காட்டிய மாதிரி இருந்ததை நான் அழகாக இருக்கிறதே என்று படம்தான் எடுத்தேன். நான் உட்கார்ந்திருந்த மணலும் சுவர் ஓரம் வரைக்கும் ஈரமாக இருந்தது. புடவை முந்தானை நனைந்ததும்கூடப் பனி என்று நினைத்துக்கொண்டேன். கடலோரத்தில் எங்கே உட்கார்ந்தாலும் முதலில் காய்ந்த மணல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காய்ந்த மணலே இல்லாத இடத்தில் உட்காராதீர்கள்.

இன்னொன்று, அன்று பௌர்ணமிக்கு மறுநாள். வீட்டில் தினசரி காலண்டர் தொங்குகிறது. நல்ல நேரம் பார்த்துக் கிளம்பினேன், அதே தாளில் பௌர்ணமி என்று போட்டிருந்தது. கடலுக்கும் அதற்கும் உள்ள சம்பந்தம் தெரியாதவள் இல்லை, பள்ளியில் படித்ததுதான். ஆனால் நடக்கப் போகும் இடத்துக்கும் அதற்கும் முடிச்சுப் போடத் தோன்றவில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் வழக்கத்தைவிட அதிகம் உள்வாங்கும், அதே அளவு அதிகமாக ஏறும். அதனால்தான் அன்றைக்கு மணல் அவ்வளவு அகலமாக இருந்தது. வற்றுவதிலிருந்து முழுதாக ஏறுவதற்கு ஆறு மணி நேரமும் கொஞ்சமும் ஆகும். தினமும் அந்த நேரம் ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் தள்ளிப்போகும். ஆறே காலுக்கு நான் பார்த்தது கடைசி வற்றம். நான் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க கடல் ஏறிக்கொண்டிருந்தது.

எட்டே முக்கால் இருக்கும், ஓர் அலை வந்து என் செருப்பை எடுத்துக்கொண்டு போயிற்று. அப்போதுதான் எழுந்து வந்த வழியைப் பார்த்தேன். மூக்குப் பாறையைச் சுற்றி நான் நடந்த இடத்தில் முழங்கால் தண்ணீர். வயிற்றில் ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. உடனே, இப்போதே கடந்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று அவசரப்பட்டேன். ஒரு கையில் போன், ஒரு கையில் பை, வெறுங்கால். பாசிக் கல்லில் கால் வைத்த இடத்தில் வழுக்கியது, பின்னாலேயே ஓர் அலை இடுப்பில் அடித்தது. வலது பாதம் இரண்டு கல்லுக்கு நடுவே மாட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் ஒரு பக்கம் சாய்ந்தது. சத்தம் கேட்டது. வலி அப்புறம்தான் வந்தது. போன் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. எப்படியோ காலை உருவிக்கொண்டு, கையையும் முட்டியையும் ஊன்றி, காய்ந்து தெரிந்த ஒரு உயரமான பாறையில் ஏறிவிட்டேன். கை இரண்டும் கொட்டலசு கிழித்து ரத்தமாக இருந்தது.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் நான் கத்தவில்லை. தலைக்கு மேலே கோட்டை, அதைத் திறந்து ஆள்கள் வந்திருப்பார்கள் என்று தெரியும். ஆனாலும் புடவை நனைந்து இந்தக் கோலத்தில் இருக்கிறேனே, எல்லாரும் வந்து பார்ப்பார்களே, வயசான பொம்பளைக்குத் தனியாக என்ன வேலை என்று கேட்பார்களே என்றுதான் மனசு போயிற்று. உயிர் பயம் ஒரு பக்கம், மானம் ஒரு பக்கம். கத்துவதற்கு வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. பிறகு ஓர் அலை நான் இருந்த பாறையின் மேலேயே ஏறி வந்தது. அதற்கப்புறம் கத்தினேன். கடல் இரைச்சலில் மேலே யாருக்கும் கேட்கவில்லை. ஒரு விசில் இருந்திருந்தால் கேட்டிருக்கும். முப்பது ரூபாய் விசில் ஒன்று இப்போது என் கைப்பையில் எப்போதும் இருக்கிறது.

என்னைப் பார்த்தவர்கள் கல்லும்மக்காய் எடுக்கிறவர்கள். பாறையில் ஒட்டி வளரும் கறுப்புச் சிப்பி அது, அந்தப் பக்கத்தில் பிரியமாகச் சாப்பிடுவார்கள். அப்பாவும் மகனுமாக இரண்டு பேர், காற்றடைத்த லாரி ட்யூப்பில் வலை கட்டி அதில் சிப்பியை நிரப்பிக்கொண்டு வேலை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் கையைத் தூக்கி, “அனங்கண்டா மோளே, அவிடெத்தன்னெ இரி” என்று கத்தினார். அசையாதே, அங்கேயே இரு என்று. அவர்கள் உடனே வரவில்லை. பத்து நிமிஷம் அங்கேயே நின்று கடலையே பார்த்தார்கள். எனக்கு அழுகையாக வந்தது, ஏன் வராமல் நிற்கிறார்கள் என்று. பெரியவர் அலையை எண்ணிக்கொண்டிருந்தார் என்று பிறகு மகன் சொன்னார். பெரிய அலைகள் நாலைந்து சேர்ந்து வரும், அப்புறம் கொஞ்ச நேரம் கடல் ஓய்ந்து நிற்கும். அந்த ஓய்வில் மகன் மட்டும் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். “சேச்சி, என் முதுகில் ஏறிக்கோங்க” என்று உடைந்த தமிழில் சொன்னார். மறுபடி ஓர் ஓய்வுக்காகக் காத்திருந்து, என்னைச் சுமந்துகொண்டு கடந்தார். நான் செய்ததும் அவர்கள் செய்ததும் ஒரே தூரம்தான், முப்பது அடி இருக்கும். நான் பார்க்காமல் இறங்கினேன், அவர்கள் பார்த்துவிட்டு இறங்கினார்கள். இப்படி மாட்டிக்கொண்டால் கடக்க முயலாதீர்கள். கடல் எட்டாத உயரமான கல் இருந்தால் அதில் ஏறிக்கொள்ளுங்கள், போன் கையில் இருக்கும்போதே 112-ஐ அழையுங்கள்.

கரையில் உட்கார வைத்துவிட்டுப் பெரியவர் சொன்னதுதான் எனக்குப் புதிது. “இது வெறும் வேலியேற்றம் இல்லை, கள்ளக்கடல்” என்றார். வேலியேற்றம் என்றால் தினமும் கடல் ஏறுவது. பெயரைக் கேட்டதும் புரிந்துவிட்டது, திருடன் மாதிரி வருகிற கடல். பிறகு வீட்டில் படுத்துக்கொண்டு இதைப் பற்றி நிறையப் படித்தேன். இந்தியப் பெருங்கடலின் தெற்குக் கோடியில் எங்கோ புயல் அடிக்கிறது. அது கிளப்பிய அலை பல நாள் பயணம் செய்து நம் கரைக்கு வருகிறது. இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும், கடல் மட்டும் பொங்கும். மழைக்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில்தான் அதிகம் வரும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற பெருங்கடல் தகவல் மையம் இதை முன்கூட்டியே கணித்து எச்சரிக்கை தருகிறது. கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அதை மாவட்ட வாரியாக வெளியிடுகிறது. அன்றைக்கும் எச்சரிக்கை இருந்திருக்கிறது, மலையாளச் செய்தியில் முதல் நாளே சொல்லியிருக்கிறார்கள். நான் பார்த்தது மழை வருமா என்று மட்டும். நம் தென்கரைக்கும் இது வரும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனார்களே, அப்போதும் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. அந்தச் செய்தியைப் படித்து வருத்தப்பட்டவள்தான் நானும். அந்தச் சொல்லை அப்போது மனசில் வாங்கிக்கொள்ளவில்லை.

போன் போனதால் வந்த அவஸ்தை காலைவிடப் பெரியது என்றால் நம்புவீர்களா? டிக்கெட், பணம், விடுதி எண், எல்லாம் அதற்குள். பையில் இருந்தது முந்நூறு ரூபாய், அதுவும் நனைந்து. மகளின் எண் எனக்கு மனப்பாடமாகத் தெரியாது. கணவரின் எண் ஒன்றுதான் தெரியும், அதுவும் பழைய எண் என்பதால். ஆட்டோக்காரரின் போனில் அவரை அழைத்தபோது தெரியாத எண் என்று மூன்று முறை எடுக்கவில்லை. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, கணுக்கால் எலும்பில் விரிசல் என்று கட்டுப் போட்டார்கள். ஆறாயிரத்து இருநூறு ரூபாய். கணவர் அங்கே உள்ளவர்களின் கணக்குக்கு அனுப்பிக் கட்டினார். அதே எண்ணுக்கு வேறு சிம் வாங்கலாம் என்றால் தமிழ்நாட்டு எண்ணுக்கு இங்கே தர முடியாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். கோவைக்கு வந்து வாங்கிய பிறகும் இருபத்துநாலு மணி நேரம் குறுஞ்செய்தி வராது. மோசடியைத் தடுக்க வைத்த விதி அது, நல்லதுதான். ஆனால் அதுவரை வங்கி அனுப்பும் ரகசிய எண் வராது, பணம் எடுக்க முடியாது என்று எனக்குத் தெரியாது. ரயில் போய்விட்டது, டிக்கெட் நானூற்றுச் சொச்சம் வீண். கணவர் வரும் வரை விடுதியில் இன்னும் இரண்டு இரவு, மூவாயிரத்து அறுநூறு. கட்டுப்போட்ட காலோடு ரயிலில் ஏற முடியாமல் கார் பிடித்துக் கோவை வந்ததற்கு ஒன்பதாயிரத்து ஐநூறு. புதுப் போன் பதினேழாயிரத்து ஐநூறு. ஆறு வாரம் வேலைக்குப் போகவில்லை, அதில் பாதி சம்பளம் இல்லாத விடுப்பு. அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இப்போது வெளியூர் போனால் மூன்று எண்களைக் காகிதத்தில் எழுதி, ஆதார் நகலோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு, பையில் வைக்காமல் உடம்பிலேயே வைத்துக்கொள்கிறேன். அதனோடு இரண்டாயிரம் ரூபாய் ரொக்கமாக. எங்கே நடக்கப் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று விடுதியில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன். அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால், “சேச்சி, இன்று அங்கே போகாதீங்க” என்று அவர்களே தடுத்திருப்பார்கள். விடுதி அம்மா மருத்துவமனைக்கு வந்து அதைச் சொல்லித்தான் அழுதார். செருப்புக்குப் பதில் பின்பட்டை உள்ள, பிடிமானமான ரப்பர் காலணி. புடவையை விட்டுச் சுடிதார்.

நவம்பரில் மகளைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் போனேன். பயந்துபோய் அந்த இடத்தையே வெறுத்துவிடக் கூடாது என்று தோன்றியது. அந்த அப்பா மகனைத் தேடிப் போய்ப் பார்த்தோம். பணம் எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை, கொண்டுபோன மைசூர்பாகை மட்டும் வாங்கிக்கொண்டு, எங்களுக்குக் கல்லும்மக்காய் வறுத்துக் கொடுத்தார்கள். அந்தத் தடத்தைப் பற்றிக் கேட்டேன். “அது வழிதான், ஆனா அதுக்கு நேரம் உண்டு” என்றார் மகன். அவர்கள் வற்றத்தில் இறங்கி, கடல் திரும்பியதும் ஏறிவிடுகிறார்கள். கால் பட்டுத் தேய்ந்த கல்லைப் பார்த்து நான் ஊர்ப்பாதை என்று நினைத்தேனே, அது அவர்கள் கணக்குத் தெரிந்து நடக்கிற பாதை.

மறுநாள், அமாவாசையை ஒட்டிய நாள்தான், கோட்டை திறந்ததும் உள்ளே போய் அதே துளைக்கு மகளைக் கூட்டிப்போனேன். எட்டு மணிக்கு மணல் திட்டு முழுசாகத் தெரிந்தது. நான் சாய்ந்திருந்த சுவரோரத்தைக் காட்டினேன். தண்ணீர் பாட்டிலும் கடலையுமாக அங்கேயே உட்கார்ந்து மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் மூக்குப் பாறை அடியில் ஒரு வெள்ளைக் கோடு, பிறகு அந்த இரண்டு பெரிய கற்கள் மறைந்தன. மணலில் பாதிக்கு அப்போதும் தண்ணீர் வரவில்லை, அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. பத்தே காலுக்குப் பார்த்தபோது மணல் இல்லை. “அம்மா, பாறை எங்கேம்மா?” என்றாள் மகள்.